சூத்திர ராசிக்கு இந்த வாரப் பலன்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வார இதழ்களில் கும்ப ராசிக்கு வரும் பலனை ஆறு மாதம் தொடர்ந்து படித்துப் பாருங்கள். உத்தியோகத்தில் பணிச்சுமை கூடும், மேலதிகாரியை அனுசரித்துப் போகவும். குடும்பத்தில் விட்டுக்கொடுத்துப் போவது நல்லது. சனிக்கிழமை எள் தீபம் ஏற்றினால் தடைகள் விலகும். ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். பணிச்சுமையைக் கூட்டியவர் யார், வீட்டில் எப்போதும் விட்டுக்கொடுப்பவர் யார் என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு நகர்வது போதாது. சோதிட நூல்கள் ராசிகளுக்கே வருணம் பிரித்து வைத்திருக்கின்றன. கடகம், விருச்சிகம், மீனம் பிராமண ராசிகள். மேஷம், சிம்மம், தனுசு சத்திரிய ராசிகள். ரிஷபம், கன்னி, மகரம் வைசிய ராசிகள். மிதுனம், துலாம், கும்பம் சூத்திர ராசிகள். கோள்களும் தப்பவில்லை. குருவும் சுக்கிரனும் பிராமணர்கள், சனி சூத்திரன். கும்பத்துக்கு அதிபதி அந்தச் சனிதான். கருப்பு நிறம், உடலுழைப்பு, ஏவல் வேலை, தாமதம், துன்பம் எல்லாம் அவன் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மண்ணில் நம்மை எந்த வரிசையில் நிறுத்தினார்களோ அதே வரிசையை வானத்திலும் போட்டு வைத்தார்கள்.

எனக்குக் கும்ப ராசி என்று சொன்னவர் ஊர்ச் சோதிடர். நான் பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. பெயரின் முதல் எழுத்தைக் கேட்டுவிட்டு ராசியைச் சொல்லிவிட்டார். ஆய்வுக் காலத்தில் எனக்கு ஒன்பது மாதம் உதவித்தொகை வரவில்லை. 'ஜென்மச் சனி, அப்படித்தான் இழுக்கும்' என்று அம்மாவிடம் சொன்னார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த கூலியில் அம்மா சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் வாங்கினார். என் கோப்போ ஓர் அலுவலகத்தில் கையெழுத்துக்காகக் கிடந்தது. என்னைப் போலவே தொகை வராமல் இருந்தவர்கள் நான்கு பேர். ஒருவருக்கொருவர் ராசி கேட்டுக்கொண்டோம். ஐந்து பேருக்கும் ஒரே ராசி இல்லை. ஆனால் ஐந்து பேரும் பட்டியல் சாதியினர். சேர்ந்து மனு எழுதி, பதில் வரும்வரை அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்தோம். பதினோராம் நாள் கையெழுத்து விழுந்தது. சனி அப்போதும் கும்பத்தில்தான் இருந்தது.

ஏழரைச் சனியின் கணக்கையும் பாருங்கள். சனிக்கோள் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டுகள் ஆகும். ஒரு ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. ஏழரைச் சனி என்பது மூன்று ராசிகளுக்கு ஒரே நேரத்தில் நடப்பது. அதாவது பன்னிரண்டில் மூன்று. எந்த நாளிலும் மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு ஏழரை நடந்துகொண்டே இருக்கும். பரிகாரத்துக்கு ஆள் குறையவே குறையாது.

அந்தச் சனி எங்கே இருக்கிறது என்பதிலாவது ஒற்றுமை உண்டா? திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்றே கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போய்விட்டது. திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026இல்தான் பெயர்ச்சி.

விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர், நரேந்திர தபோல்கர் உள்ளிட்டோர் மகாராட்டிரத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். நன்றாகப் படிக்கும் 100 மாணவர்கள், அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைத் திரட்டினார்கள். ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்கள் அனுப்பி, எது யாருடையது என்று கேட்டார்கள். விடை அனுப்பிய 27 பேர் சராசரியாகச் சரியாகச் சொன்னது 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் பாதி சரியாக வந்திருக்கும். தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பல்கலைக்கழகங்களில் சோதிடப் பாடம் வைக்கலாம் என்ற மானியக்குழுவின் முடிவையோ 2004இல் உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டது.

தனிவாழ்க்கைக்கு வருவோம். வடநாட்டில் திருமணப் பொருத்தத்துக்கு 36 மதிப்பெண் போடுகிறார்கள். அதில் ஒன்று வருணப் பொருத்தம். மணமகனின் ராசி வருணம் மணமகளுடையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். சாதியும் ஆணாதிக்கமும் ஒரே விதியில் உட்கார்ந்திருக்கின்றன. இங்கே பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். அதைப் பார்க்கும் முன்பே சாதியும் உட்சாதியும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். காதலிக்கும் பிள்ளைகள் வீட்டில் பேசும்போது, சாதியை வாயால் சொல்லக் கூச்சப்படும் படித்த குடும்பங்கள் 'ஜாதகம் பொருந்தவில்லை' என்கின்றன. அதற்கு மறுபேச்சு பேச முடியாது, வழக்கும் போட முடியாது. அகமணமுறைதான் சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916இலேயே நிறுவினார். அந்த அகமணத்துக்கு இன்று மிகவும் நாகரிகமான காவல்காரன் ஜாதகக் கட்டம்தான்.

சுயமரியாதை இயக்கத்தார் வேண்டுமென்றே ராகு காலத்தில் திருமணம் நடத்தியது விளையாட்டுக்கு அல்ல. அந்தத் திருமணங்களுக்கு 1967இல் அண்ணா அரசு சட்டம் கொண்டுவந்தது. புரோகிதர் வேண்டாம், நாள் பார்க்க வேண்டாம், மாலை மாற்றினால் போதும். அந்தச் சட்டம் இன்றும் நம் கையில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்தப் போகிறோம்?

அம்மாக்களைக் கேலி செய்ய வேண்டாம் தோழர்களே. மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சோதிடராவது உட்காரவைத்துப் பேசினார். அந்த இடத்தில் நாம் உட்கார வேண்டும். வேலை தாமதமானால் காரணத்தை எழுத்தில் கேட்போம். பிள்ளைகள் விரும்பினால் ஜாதகம் இல்லாமல் முன்னின்று மணம் முடித்து வைப்போம்.