பல் நலமும் முதுமை மறதியும்



“பல் போனால் சொல் போச்சு” என்பது பழமொழி. பல்லோடு நினைவும் போகுமோ என்று மருத்துவ உலகம் இன்று ஆராய்ந்து வருகின்றது. அதுபற்றிச் சில கருத்துகளைக் கூற விழைகிறோம்.

முதியவர் ஒருவர் பேரப்பிள்ளையின் பெயர் தெரியாமல் தடுமாறுவதையும், சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்தில் மீண்டும் சோறு கேட்பதையும் நாம் கண்டிருக்கிறோம். “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். அது முதுமையின் இயல்பன்று; மூளையைத் தாக்கும் நோய். அதன் முக்கிய வகையை 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர் முதன்முதலில் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அது வழங்குகின்றது.

வாய்க்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? பல்லைச் சரிவரத் துலக்காவிடில் அழுக்குப் படிந்து காரையாகக் கெட்டிப்படுகின்றது. அங்கே பெருகும் கிருமிகளால் ஈறு வீங்கி இரத்தம் கசிகின்றது. நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பும் தேய்ந்து பல் விழுகின்றது. பால்வெட்டும் கத்தி அளவுமீறி ஆழமாகப் பாய்ந்தால் காயம் பட்டையோடு நிற்பதில்லை. மரத்துக்கே கேடு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஈற்றுப்புண்ணும் அத்தகையதே. அதன் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஈறு நோய்க் கிருமி ஒன்றின் சுவடுகளை அல்ஸைமர் நோயாளிகளின் மூளையில் கண்டதாக அறிவித்தது. ஆயினும், அக்கிருமியின் நச்சுப்பொருளைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, 2021இல் வெளியான முடிவு எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. பல் இழந்தோரிடையே மறதி நோய் மிகுதி எனப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், மறதியால் பல் துலக்காது விட்டதன் விளைவாகவும் பல் கெட்டிருக்கலாம் அன்றோ?

2024இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் அறிஞர் குழு, மறதி நோய்க்கு வழிகோலும், நாம் குறைத்துக்கொள்ளத்தக்க காரணங்கள் 14 என வகுத்தது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைபிடித்தல், மிதமிஞ்சிய மது, காது கேளாமை ஆகியவை அவற்றுள் சில. பல் நோய் அப்பட்டியலில் இல்லை.

எனவே, பல் துலக்கினால் மறதி வாராது என்று உறுதிகூற இயலாது. ஆனால், நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பது தெளிவு. ஈற்றைக் காக்க வேறு சான்று வேண்டியதில்லை.

காலையிலும் இரவு படுக்கைக்குச் செல்லுமுன்னும், மென்மையான பிரஷ் கொண்டு, ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்குங்கள். கரித்தூளும் செங்கல் தூளும் வேண்டா. வாய்ப்புற்றுக்கு வழிகோலும் பாக்கையும் புகையிலையையும் விட்டொழியுங்கள். ஈறு நோய் பெரும்பாலும் வலியின்றியே வளரும். ஆகையால், இரத்தம் கசிந்தாலே அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்குச் செல்லுங்கள்.

மறதியால் வாடும் முதியவர் வீட்டில் இருப்பின், அவருக்குப் பல்வலியை எடுத்துச்சொல்லத் தெரியாது போகலாம். உணவை மறுப்பதும் கன்னத்தைப் பிடித்துக்கொள்வதும் அதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். சினந்து பேசாமல், அருகில் நின்று துலக்க உதவுங்கள். பொய்ப்பல் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். நம் பாற்பற்களைத் துலக்கிவிட்ட கைகள் அவை. இன்று நம் கைகள் அவற்றுக்குத் துணை நிற்கட்டும்.