சல்லடையில் ஒரு பல்

வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால் கார் ஆலைகளும் கன்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் படும். அந்த வட்டாரத்து மண்ணுக்கடியில் டைனோசர் காலத்துப் பாறை இருக்கிறது. புவியியலார் அதற்கு ஸ்ரீபெரும்புதூர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த புவியியலாளர் புரூஸ் ஃபுட் இந்தப் பாறையையும் ஆராய்ந்தவர். ஆனால் இது பேர்போனது இலைத் தடங்களுக்கு. பல் வேண்டுமென்றால், நேயர்களே, அரியலூருக்குத்தான் போக வேண்டும்.

ஏன் பல்? நமக்குப் பால்பல் விழுந்தபின் ஒருமுறைதான் முளைக்கும். டைனோசருக்கோ ஆயுள் முழுக்க விழுந்து முளைத்தபடி இருக்கும். எனாமல் எலும்பைவிடக் கடினமானது என்பதால், எலும்பு மக்கிப்போன இடத்திலும் பல் தங்கும். 1825-இல் இங்கிலாந்தின் கிடியன் மாண்டெல் இகுவானோடனுக்குப் பெயர் வைத்ததே பற்களைப் பார்த்துத்தான்.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசர் 1987-இல் பெயர் பெற்றது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்றார்கள். ஆனால் எலும்புகள் நொறுங்கிப்போயின. பழைய புகைப்படங்கள் வெளிவந்ததே 2022-இல்தான். இன்றும் அதைப்பற்றிச் சர்ச்சை ஓயவில்லை.

அதே கல்லமேட்டுப் படிவத்திலிருந்து, சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒற்றைப் பல் 2013-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் இடம்பிடித்தது. அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் முதலியோர் எழுதிய கட்டுரை அது. பல் டிரோடோன்டிட் குடும்பத்தைச் சேர்ந்தது. பறவைகளுக்கு நெருங்கிய உறவான சின்ன டைனோசர்கள். அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த குடும்பம்! எலும்பின் நீளத்தைச் சொல்லி வாய்பிளக்க வைப்பதைவிட இது பெரிய சாதனை.

இத்தகைய பொடிப் பற்களைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, தண்ணீரில் ஊறவைத்து, கண் பெரிய சல்லடையில் தொடங்கிச் சிறியது வரை அலசுவார்கள். எஞ்சிய பொடி காய்ந்ததும் நுண்ணோக்கியில் வைத்து, ஈரத் தூரிகை நுனியால் மணிமணியாகத் தள்ளிப் பார்ப்பார்கள். மணலுக்கு நடுவே எனாமல் பளபளக்கும். விளிம்பில் ரம்பம் தெரிந்தால் பெரும்பாலும் இறைச்சி தின்றதன் பல். இலை வடிவம் என்றால் தழை தின்றது.

அரியலூர் பக்கத்துக் காரை வறள்நிலத்தில் கிடைத்த கூம்புப் பற்கள் வேறு ரகம். அவை சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலில் நீந்திய இக்தியோசார் என்ற ஊர்வனவற்றுடையவை.

காசு கொடுத்தும் பல் வாங்கலாம். மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கத்தில் கிடைக்கும் மோசசார் என்ற கடல் ஊர்வனவற்றின் பற்கள் உலகச் சந்தையில் தாராளம். மணலும் பசையும் குழைத்துப் போலிப் பாறையில் பதித்தவையும் அதில் கலந்திருக்கும். உண்மையான பல்லேயானாலும், எந்த ஊர், எந்த அடுக்கு என்ற குறிப்பு இல்லாவிட்டால் ஆய்வாளருக்கு அதனால் பயன் குறைவு. அலமாரிக்கு அழகு, அவ்வளவே.

ஆகவே பள்ளத்திலோ ஓடையிலோ பல்லோ இலைத்தடமோ தென்பட்டால் உடனே பெயர்க்காதீர்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படமெடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள்.