இராவணன் ஆண்டபோது பத்ரனுக்கு என்ன கிடைத்தது?

(காஞ்சிபுரத்தில் இளைஞர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அசுரனைக் கொன்ற கதைக்கும், அந்தக் கதையைக் கேள்வி கேட்ட குரலுக்கும் இந்த ஊரே தாய்வீடு. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் குமரகோட்டம் இங்கேதான் இருக்கிறது. 1909இல் அண்ணா பிறந்ததும் இங்கேதான். கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று 1943இல் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் அவர் மோதிய விவாதங்கள் 'தீ பரவட்டும்' என்று நூலாகின. 1946இல் புலவர் குழந்தை இராவணனை நாயகனாக்கி 'இராவண காவியம்' எழுதினார். 1948இல் காங்கிரஸ் அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது.

அந்த மரபில் வந்த நாம் படிக்க வேண்டிய ஒரு நாவல், ஆனந்த் நீலகண்டன் 2012இல் ஆங்கிலத்தில் எழுதிய 'அசுரா'. தமிழிலும் கிடைக்கிறது.

இராமனைக் கெட்டவனாகவும் இராவணனை நல்லவனாகவும் திருப்பிப் போடுவது மட்டும் என்றால் நமக்கு அது புதிதல்ல. இதில் கதை சொல்பவர்கள் இருவர். ஒருவன் இராவணன்: அறிவாளி, கலைஞன், அதே அளவுக்கு அகந்தை பிடித்தவன். இன்னொருவன் பத்ரன் என்ற ஏழை அசுரன். தேவர்களின் படையெடுப்பில் குடும்பத்தை இழந்தவன். இராவணனை நம்பிச் செய்யக்கூடாததையும் செய்கிறான். வெற்றிக்குப் பிறகு இராவணனுக்கு அரண்மனை; பத்ரனுக்கு அதே வறுமை.

கல்லூரி நாட்களில் 'இராவணன் என் பாட்டன்' என்று மேடையில் முழங்கியவன் நான். பாட்டனின் அரண்மனையில் சாணி அள்ளியவன் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்று சாதிக்கொரு 'ஆண்ட பரம்பரை' சுவரொட்டி ஒட்டப்படுகிறது. ஆண்டவர்கள் இத்தனை பேர் என்றால், ஆளப்பட்டவர்கள் யார்? தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டு யார் உடம்பில் மின்னுகிறது, யார் முதுகு வளைகிறது என்பது அவருக்குத் தெரியும்.

நாவலில் குறை உண்டு. கதை சொல்லும் இருவருமே ஆண்கள். பெண்கள் அவர்கள் கண் வழியாகவே வருகிறார்கள். அதையும் விவாதிப்போம். ஆனாலும் படியுங்கள். நமக்கு வேண்டியது களங்கமில்லாத ஒரு நாயகன் அல்ல. எதிரியிடம் கேட்கும் கேள்வியை நம் தலைவர்களிடமும் கேட்கும் துணிச்சல்தான் வேண்டும். நம்மவர் ஆட்சிக்கு வரும்போதெல்லாம் கேளுங்கள்: பத்ரனுக்கு என்ன கிடைத்தது?

ஜெய் பீம்.