போத்தல் சிறியது, இழப்பு பெரியது

மலிவு மதுவின் சந்தையைப் பற்றியது இன்றைய உரை.

வோட்கா, ஜின், வெள்ளை ரம் போன்றவற்றை வெள்ளை மது என்று வகைப்படுத்துவார்கள். இவற்றில் பெரும்பாலானவை விஸ்கி போல மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. வடித்து, தண்ணீர் கலந்து, உடனே போத்தலில் அடைத்துவிடலாம். முதலீடு முடங்குவதில்லை, அடக்க விலையும் குறைவு. வசதியுள்ளவருக்கு இது அழகிய போத்தலில், பழச் சுவையோடு வருகிறது. கூலித் தொழிலாளிக்கு இதன் ஏழை உறவாக வருவது சம்சு. எரிசாராயத்தில் தண்ணீரும் சுவையூட்டியும் கலந்த சரக்கு அது.

சம்சுவை யாரும் சுவைக்காக வாங்குவதில்லை. அந்தச் சந்தையை நடத்துபவை மூன்று: விலை, போத்தலின் அளவு, கடையின் தூரம். சட்டைப்பையில் அடங்கும் சிறிய போத்தல், கையில் இருக்கும் சில்லறைக்கே கிடைத்தது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே மளிகைக் கடை இருந்தது. அன்றாடக் கூலி அன்றாடமே கரைந்தது. மாதக் கடைசியில் பள்ளிப் பேருந்துக் கட்டணத்துக்குப் பணம் தேடியவர் வீட்டுப் பெண்மணிதான்.

இந்த வேதனை புதிதல்ல. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். அன்று கள், பிறகு சம்சு. சரக்கு மாறியது, பாதிக்கப்பட்ட குடும்பம் மாறவில்லை.

அரசாங்கமும் சில கதவுகளை அடைத்தது. மது வாங்கும் வயது 2017 டிசம்பர் முதல் தேதியிலிருந்து 21 ஆனது. இத்தகைய கலப்பு மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்க வேண்டும் என்றும் விதி வந்தது. கோலாலம்பூரில் மளிகைக் கடைகளும் 24 மணி நேரக் கடைகளும் கடும் மது விற்க 2021 நவம்பரிலிருந்து தடை விதிக்கப்பட்டது.

நல்ல நடவடிக்கைகள்தாம். ஆனால் கடைச் சரக்கு எட்டாமல் போகும்போது, பழக்கத்துக்கு அடிமையானவர் குடியை விடுவதில்லை. அதைவிட மலிவானதைத் தேடுகிறார். அங்கே காத்திருப்பது கள்ளச் சரக்கு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மது 30-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் பலர் பிழைப்பு தேடி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு வகை ஆல்கஹால். நிறத்தாலும் மணத்தாலும் குடிப்பவரால் அதைப் பிரித்தறிய முடியாது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. அறிகுறி பல மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால், வெறும் போதை என்று குடும்பத்தார் உறங்கவிட்டு விடுகிறார்கள். மறுநாள் பார்வை மங்கல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு தெரிந்தால் எலுமிச்சைச் சாறு, மோர் என்று நேரம் போக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாற்று மருந்து உண்டு; காலம் தாழ்ந்தால் பயன் குறையும்.

சந்தையை வரியால் சுருக்கலாம், தடையால் தள்ளி வைக்கலாம். வாங்கும் கையைத் திருப்ப, சிகிச்சை வேண்டும், ஆலோசனை வேண்டும், அதை வெட்கமின்றிக் கேட்கும் துணிவும் வேண்டும். குடிப்பவரை ஏசுவது எளிது. அவரோடு மருத்துவரிடம் போகும் ஒருவர் அந்தக் குடும்பத்தில் இருக்கிறாரா? நேயர்களே, சிந்தியுங்கள்.