கம்பெனி மாறலாம், கைத்தொழில் மாறாது

(ராமநாதபுரம் மாவட்டம் அக்காள்மடத்தில் இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அன்றைக்கே ராமேசுவரத்திலிருந்து தாம்பரத்துக்குப் புது ரயிலும் விட்டார்கள். தாம்பரத்தைச் சுற்றித்தான் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் எல்லாம் இருக்கு. அதாவது, நம்ம தீவுக்கும் சென்னையின் தொழிற்சாலைப் பகுதிக்கும் நடுவில் இப்போ ஒரு ராத்திரிப் பயணம்தான்.

இந்த ஊரிலிருந்தும் பக்கத்துத் தங்கச்சிமடம், பாம்பனிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போறாங்க. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும்போது, "நானும் போகட்டுமா?" என்று கேட்கிற தம்பிகள் இன்னும் அதிகம். போங்க என்றோ, போகாதீங்க என்றோ சொல்ல நான் வரவில்லை. அந்த ஊரின் பலம் எதில் இருக்கிறது, அதில் உங்கள் பங்கை எப்படிக் கையில் வாங்குவது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

விசைப்படகு வைத்திருக்கிற அண்ணன்மார்களுக்கு லேலண்ட் இன்ஜின் நன்றாகத் தெரியும். அந்தக் கம்பெனி 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கியது. 1955ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் இன்றைக்கும் அதன் ஆலை இருக்கிறது. 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1955 அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். 1958ல் கிண்டி தொழிற்பேட்டை. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்க் தொழிற்சாலையும். 1971ல் சிப்காட். 1996ல் ஹூண்டாய் வந்தது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ நிசான்.

ஹூண்டாய் ஏன் சென்னைக்கு வந்தது? துறைமுகம் ஒரு காரணம். அதே அளவுக்குப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. ஒரு காரில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 30 ஆயிரம் பாகங்கள். அத்தனையையும் எந்தக் கம்பெனியும் தானே செய்யாது. போல்ட்டு ஓர் இடம், பிரேக் ஓர் இடம், ஒயரிங் ஓர் இடம். பாடியில் உள்ள சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. அம்பத்தூரிலும் கிண்டியிலும் லேத்து பட்டறை, டூல் ரூம், பிரஸ் ஷாப் என்று சின்னச் சின்னக் கூடங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. அவற்றில் வேலை பழகிய பிட்டர், டர்னர், வெல்டர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். புதிதாக வருகிற கம்பெனிக்கு ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தப் பலம் நிஜமா என்று காட்டிக்கொடுத்தது ஒரு மூடல்தான். ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நோக்கியா செல்போன் தொழிற்சாலை திறந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதிலும் பெண்பிள்ளைகள் நிறையப் பேர், வேலைக்குச் சேர்ந்தார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றுபோனது. எத்தனை குடும்பம் கலங்கிப் போயிருக்கும்! ஆனால் அந்தக் கட்டடத்தைப் பிறகு சால்காம்ப் என்கிற சார்ஜர் கம்பெனி வாங்கியது. சுற்றுவட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் போன்றவை செல்போன் தயாரிக்கின்றன. பெயர்ப்பலகை மாறியது, வேலை தெரிந்த கைகள் அங்கேயே இருந்ததால் தொழில் மறுபடியும் வந்தது. ஃபோர்டு கார் கம்பெனியும் 2021ல் மூடுவதாக அறிவித்தது. அப்போதும் வேலை தெரிந்தவர்களை மற்ற கம்பெனிகள் தேடின.

ஆனால் ஒன்று. கம்பெனி மூடினால் எல்லாரும் ஒரே மாதிரி தப்பிக்கவில்லை. கையில் தொழிலும், அதற்குச் சான்றிதழும் வைத்திருந்தவர் சீக்கிரம் அடுத்த வாசலுக்குப் போனார். "அசெம்பிளி லைனில் நின்றேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தவர், ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நான் கவலைப்படுவது இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான். கான்ட்ராக்டர் வேனில் ஏறிப் போய், இரண்டு வருஷம் உழைத்து, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் திரும்புகிற பிள்ளை நம்ம ஊரிலும் இருக்கக் கூடாது.

அதுக்கு என்ன செய்யலாம்? நான்கு காரியம் சொல்றேன். நாலுமே உங்க கையில் இருக்கிற போனிலேயே தொடங்கலாம்.

முதலாவது, தொழிலைக் கற்றுக்கொண்டு போங்க. எட்டாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேரலாம், ஒரு வருஷம். பத்தாம் வகுப்பு என்றால் பிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட், இரண்டு வருஷம். விண்ணப்பம் ஆன்லைனில்தான். டாடா டெக்னாலஜிஸ் கூட்டோடு 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி. போன்ற புது இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். ஐ.டி.ஐ. சேர்ந்தவர்களும் கேட்கலாம். படகு இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற தம்பிக்குப் பிட்டர் வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியையும் சான்றிதழையும் வாங்கினால் போதும்.

இரண்டாவது, வேலைக்குப் பணம் கொடுக்காதீங்க. தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற முகாமும் இலவசம். தொழிற்பழகுநராக, அதாவது அப்ரென்டிஸாகச் சேர்ந்தால் உதவித்தொகையோடு பயிற்சி. முடிவில் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ். 1961ஆம் வருஷச் சட்டம் தந்த வழி அது. சேரும்போது "இது அப்ரென்டிஸா, கான்ட்ராக்டா, நிரந்தரமா?" என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்க.

மூன்றாவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உங்கள் பெயரில் ஏறுகிறதா என்று பாருங்க. கான்ட்ராக்டர் மூலம் போனாலும் இந்த உரிமை உண்டு. பி.எஃப்.புக்கு உங்களுக்கென்று ஒரே ஒரு யு.ஏ.என். எண். கம்பெனி மாறினாலும் அதே எண்ணைக் கொடுங்க. ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. ஏறவில்லை என்றால் உடனே கேளுங்க. வேலை விட்டதும் பி.எஃப். மொத்தத்தையும் எடுத்துவிடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. 10 வருஷச் சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதியத்துக்குத் தகுதி. எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு உடைந்துபோகும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம்தான், குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும், பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம் கிடைக்கும்.

நான்காவது, பெயரைச் சரிபாருங்க. ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல், வங்கியில் வேறு எழுத்து. இதனால்தான் பி.எஃப். பணம் மாட்டிக்கொள்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே இ-சேவை மையத்திலும் ஆதார் மையத்திலும் கேட்டுத் திருத்துங்க. சான்றிதழ்களை டிஜிலாக்கரில் போட்டு வையுங்க. பை தொலைந்தாலும் அது தொலையாது.

கடைசியாகப் பெண்பிள்ளைகளைப் பற்றி. இந்தத் தீவில் ஊர்ப் பெயரிலேயே அக்காளும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காங்க. இந்தியா முழுக்கத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்களில் 10 பேரில் 4 பேர் தமிழ்நாட்டில்தான். பெற்றவர்களின் முதல் கேள்வி, "எங்கே தங்குவா?" என்பதுதான். நியாயமான கேள்வி. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே விடுதிச் சாப்பாட்டால் பெண் தொழிலாளர்கள் உடல்நலம் கெட்டுச் சாலையில் அமர்ந்து போராடினார்கள். பிள்ளைகள் குரல் கொடுத்ததால் விடுதிகள் மீது கவனம் திரும்பியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. உங்கள் பிள்ளை எந்த விடுதிக்குப் போகிறாள், வார்டன் யார், ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் வண்டி உண்டா என்று கேளுங்க. ஆபத்து என்றால் 181 என்ற எண் எல்லாப் பெண்கள் போனிலும் இருக்கணும்.

வேலை லேசானது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டு மணி நேரம் நிற்கணும், ஷிஃப்ட் மாறி மாறி வரும். ஆனால் கற்ற தொழிலும், உங்கள் பெயரில் சேர்ந்த கணக்கும் இருந்தால், கம்பெனி மூடினாலும் நீங்கள் அடுத்த இடத்துக்குப் போகலாம். ஊருக்கே திரும்பி ஒரு வெல்டிங் பட்டறையோ படகு இன்ஜின் பழுது பார்க்கும் கடையோ போட்டாலும் அதே சான்றிதழ் கடன் கேட்க உதவும். கூட்டம் முடிந்ததும் ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்க. வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.