ஓடாத படங்கள்

பல நாள் ஓடிய படமே நல்ல படம் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். அதனை மறுப்பதற்கு 1977இல் வெளிவந்த 'பொன்மணி' ஒன்றே போதும். சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்திலே படமாக்கிய தமிழ்ப் படம் அது. கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. சீதனமும் சாதியும் பெண்ணின் வாழ்வை எவ்வாறு நெரிக்கின்றன என்பதே அதன் பொருள். பொழுதுபோக்காகப் படம் பார்க்கும் இரசிகர், கதை மிக மெதுவாக நகர்கிறது என்பார். அது நியாயமான குறையே. ஆயினும், அயல் வீட்டின் துயரத்தைத் திரையிலே கண்டோம் என்பதை அவரும் மறுக்கமாட்டார். விறுவிறுப்பான படங்கள் பல மறந்துபோக, கொட்டகையில் நிலைக்காத இப்படம் இன்றும் பேசப்படுவது அதனாலேயாம். ஆகவே, படம் எத்தனை நாள் ஓடியது என்று எண்ணுவதை விடுத்து, அதிலே நமது வாழ்வு உண்டா என்று நோக்குதல் வேண்டும்.