மூழ்கிய போர்க்கப்பல்களைத் தூக்குவதா, விடுவதா?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா ரெலிபோன் எடுத்து, "நீரிழிவைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுங்க" என்று கேட்டா. வருஷம் முழுக்க நான் பேசுவது அதைத்தான். மத்தியானச் சாப்பாட்டில் வட்டிலப்பம் இருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது. ஆகவே அக்காவிடம் அனுமதி கேட்டு வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். இந்தப் பாடசாலையின் மேல்மாடியில் நின்றால் தெரிகிற அதே கடலைப் பற்றியது அது.

பத்தாம் வகுப்பில் எங்களுடைய சரித்திர ரீச்சர் ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஹேர்மிஸ் கப்பலின் கதையைச் சொன்னா. எங்கள் சங்கத்துக்கு அப்போது பதினைந்து, இருபது வயதுதான் இருந்திருக்கும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்கள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலை. தாக்குதல் வருகிறது என்று தெரிந்து, பிரித்தானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸை முதல் நாள் இரவே துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பி விட்டார்கள். கூடவே ஒஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயர். விமானந்தாங்கி என்று பெயர்தான், அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானியர் கண்டார்கள். சில நிமிடங்களிலே கப்பல் கவிழ்ந்தது. கப்டனோடு சேர்த்து 307 பேர் இறந்தார்கள். வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறிய காவற்கப்பலும், இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் இதே கடலில் போயின. வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் பக்கத்தில் நின்றபடியால் ஏறக்குறைய 600 பேர் தப்பினார்கள்.

என் அம்மம்மா அன்று மழை இல்லாமல் இடி இடித்ததாகச் சொல்லுவா. சித்திரை வருஷத்துக்குப் பலகாரம் சுட மா இடித்துக்கொண்டிருந்தார்களாம். வானத்தைப் பார்த்துவிட்டு, மாவை உள்ளே எடுத்து வைத்தார்களாம்.

ஹேர்மிஸ் இன்றைக்கும் அங்கேதான் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து சுழியோடிகள் பார்க்க வருகிறார்கள். எனக்கு அந்தக் கப்பல் ஒரு வகுப்பறைக் கதையாகத்தான் இருந்தது, சில வருஷங்களுக்கு முன் ஒரு நோயாளி வரும் வரைக்கும்.

அவருடைய ஊரையும் வயதையும் சொல்ல மாட்டேன். கடலட்டையும் சங்கும் எடுக்கிறவர். இரண்டு காலும் மரத்துப்போய், மூட்டெல்லாம் வலி என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆழத்துக்குப் போகப் போக அழுத்தம் கூடும். 50 மீற்றரில் அது தரையில் இருப்பதைப் போல ஆறு மடங்கு. சுவாசிக்கிற காற்றில் உள்ள நைதரசன் அந்த அழுத்தத்தில் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துவிடும். அவசரப்பட்டு மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளே குமிழிகள் கிளம்பும். அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும், அதுவரை ஒக்சிசன் கொடுக்க வேண்டும். அட்டை எடுக்கிறவருக்கு அவ்வளவு ஆழத்தில் என்ன வேலை என்று கேட்டேன். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் பேசாமல் கிடந்துவிட்டு, ஒரு கப்பலில் பித்தளை கழற்றப் போனதாகச் சொன்னார். பழைய இரும்பு எடுக்கிறவர்கள் பித்தளைக்கு நல்ல விலை கொடுப்பார்களாம். எந்தக் கப்பல் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மெல்லக் கேட்டார்:

"டொக்டர், அதுக்குள்ள ஆக்கள் இரிக்காங்களா?"

நான் படித்த எதிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து தேடித் தேடி வாசித்ததில் கொஞ்சத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே துறைமுகத்தில், ஒரே காலையில் மூழ்கிய இரண்டு கப்பல்களை முதலில் சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 7, பேர்ள் துறைமுகம். அன்று அங்கே விமானங்களை அனுப்பிய அதே அட்மிரல் நகுமோதான் நான்கு மாதம் கழித்து நம்முடைய கடலுக்கும் வந்தவர். அரிசோனா என்ற கப்பலில் 1,177 பேர் இறந்தார்கள். வெடிமருந்து அறையே வெடித்ததால் அதைத் தூக்கி ஒரு பிரயோசனமும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். 900க்கும் கூடுதலானோர் இன்னும் அதற்குள்ளேயே. மேலே வெள்ளை நிறத்தில் ஒரு நினைவுமண்டபம் கட்டி 1962இல் திறந்தார்கள். இன்னும் துளித்துளியாக எண்ணெய் மேலே வந்துகொண்டிருக்கிறது. அன்று தப்பியவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர், வயதாகி இறந்தபின், தங்கள் சாம்பலை அந்தக் கப்பலுக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுழியோடிகள் கலசத்தைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். கூட்டாளிகளோடு இருக்கப் போனார்கள்.

மற்றது ஒக்லஹோமா. அதில் 429 பேர். துறைமுகத்துக்கு இடைஞ்சல் என்பதால் 1943இல் நிமிர்த்தித் தூக்கினார்கள். ஒன்றரை வருஷம் நீரில் கிடந்த எலும்புகள் கலந்துபோயிருந்தன. அடையாளம் கண்டது 35 பேரைத்தான். மீதியை 'பெயர் தெரியாதவர்' என்று கூட்டாகப் புதைத்தார்கள். கப்பலையோ பழைய இரும்பாக விற்று, 1947இல் கலிபோர்னியாவுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது, அது பசுபிக் நடுவில் புயலில் மீண்டும் மூழ்கிவிட்டது. கப்பலுக்கே அந்த ஏலம் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அத்தோடு கதை முடியவில்லை. 2015இல் அந்தப் புதைகுழிகளைத் திறந்து, மரபணுப் பரிசோதனை செய்தார்கள். 350க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. 75, 80 வருஷம் கழித்து, பேரப்பிள்ளைகளின் கையில் ஒரு பெட்டி. மருத்துவராக அதை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஒன்றையும் கவனித்தேன்: அவர்களை முதலில் கலக்கியது நீரில் கிடந்த காலம், அடுத்தது அவசரத்தில் தூக்கிப் புதைத்த வேலை. அந்த வேலையைத் திருத்த எழுபது வருஷம் எடுத்தது.

தூக்குவது என்றால் எல்லாமே பிழை என்றும் நான் சொல்லவில்லை. ஸ்கொட்லாந்தின் வடக்கே ஸ்காபா ஃப்ளோ என்ற விரிகுடா. முதலாம் உலக மகாயுத்தம் முடிந்து, அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜேர்மன் கப்பல்களை 1919 ஜூன் 21இல் அவர்களே தண்ணீரைத் திறந்துவிட்டு மூழ்கடித்தார்கள். 52 கப்பல்கள். பின்னால் பெரும்பாலானவற்றைத் தூக்கி உருக்கினார்கள். உள்ளே பிரேதங்கள் இல்லை. எங்கள் தொழிலுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 1945இல் அணுகுண்டு வெடித்த பின் வளிமண்டலத்தில் கலந்த கதிரியக்கம், உருக்கு செய்யும்போது ஊதுகிற காற்றோடு உலோகத்துக்குள்ளும் போனது. மனித உடம்பில் உள்ள மிகச் சிறிய கதிரியக்கத்தை அளக்கிற கருவிக்கு அது சரிவராது. ஆகவே அதற்கு முன்னால் செய்த உருக்கைத் தேடிப் போனார்கள். அது கடலுக்கடியில் மூழ்கிக் கிடந்தது.

அதே ஸ்காபா ஃப்ளோவில்தான் 1939 ஒக்டோபர் 14 இரவு ரோயல் ஓக் என்ற பிரித்தானியக் கப்பல் மூழ்கியது. 835 பேர் இறந்தார்கள், பதினெட்டு வயதாகாத பொடியன்கள் பலர். அதைத் தொடவில்லை. வருஷாவருஷம் கடற்படைச் சுழியோடிகள் இறங்கி நீருக்கடியில் கொடியை மாற்றிவிட்டு வருகிறார்கள். ஆனால் எண்ணெய் கசியத் தொடங்கியதும், கல்லறை என்று சும்மா இருக்கவில்லை. தாங்கிகளில் துளையிட்டு எண்ணெயை எடுத்தார்கள். கப்பலைத் தூக்காமலே அதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு இது விளங்கியது வேறொரு வழியால். வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த காலத்தில், பலபேர் உடம்புக்குள் ஷெல் துண்டோடு வருவார்கள். 'பீஸ்' என்பார்கள். "டொக்டர், பீஸை எடுத்துவிடுங்கோ" என்று கெஞ்சுவார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்து, பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்லுவோம். உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டியிருக்கும். எடுக்கப் போனால் நரம்பு வெட்டுப்படும், புதிதாக ஒரு காயம் வரும். சீழ் வைத்தால், நகர்ந்தால், நரம்பை அழுத்தினால், மூட்டுக்குள் இருந்தால் எடுப்போம். எல்லாருக்கும் ஒரே விதி இல்லை. ஒவ்வொருத்தரையும் பார்த்துத்தான் தீர்மானிப்போம். அப்படி விட்டவர்களையும் மறந்துவிடுவதில்லை, தவணைக்கு வரச் சொல்லுவோம். கப்பல்களில் பிழைக்கிற இடம் இதுதான். விட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டு, பிறகு திரும்பியும் பார்ப்பதில்லை.

யாவாக் கடலைப் பாருங்கள். 1942 பெப்ரவரி 27இல் நடந்த சண்டையில் ஒல்லாந்தரின் டி ரூய்ட்டர், யாவா, கோர்ட்டெனேர் என்ற கப்பல்கள் மூழ்கின. அந்தச் சண்டையில் எல்லாத் தரப்பிலுமாக ஏறக்குறைய 2,200 பேர் இறந்தார்கள் என்பார்கள். 2002இல் சுழியோடிகள் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். 2016இல், 75ஆவது ஆண்டு நினைவுக்காகத் திரும்பப் போனபோது இரண்டு கப்பல்கள் முழுதாக இல்லை, மூன்றாவதில் பெரும் பகுதி இல்லை. கப்பல் கிடந்த அச்சு மட்டும் கடலடியில் பள்ளமாகத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான தொன் இரும்பை மேசையில் வைத்த பேனையைப் போல எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மலேசியாவுக்கு அப்பால் கிடக்கிற பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், றிபல்ஸ் இரண்டிலும் இதே வேலை நடந்தது. எலும்புகளுக்கு என்ன நடந்தது என்று யார் கேட்பது? கல்லறைகளை இடித்துச் சமதரையாக்கினால் உறவினருக்கு எப்படியிருக்கும் என்பதை இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மறுபக்கம், ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கி. 2000 ஓகஸ்ட் 12இல் வெடித்து 108 மீற்றர் ஆழத்தில் போனது, 118 பேர். எல்லாரும் உடனே இறந்துவிட்டார்கள் என்றே முதலில் பேச்சு. சுழியோடிகள் இறங்கியபோது, 23 பேர் பின்பக்க அறையில் உயிரோடு காத்திருந்ததாக ஒரு அதிகாரி இருட்டில் எழுதிய குறிப்பு கிடைத்தது. அடுத்த வருஷம் கப்பலைத் தூக்கினார்கள். 115 பேரின் உடல்கள் கரைக்கு வந்தன. அதைத் தூக்கியது சரி என்றே நான் நினைக்கிறேன். கரையில் தாய்மார் நின்றார்கள், பதில் சொல்ல வேண்டிய அரசாங்கம் இருந்தது, உள்ளே அணு உலைகளும் இருந்தன.

ஆகவே, இத்தனை வருஷம் ஆனால் கல்லறை, அதற்கு முன் இல்லை என்று கணக்குப் போட முடியாது. என்ன நடந்தது என்று தெரியாமல் ஒருவர் காத்திருக்கிறாரா என்று நான் பார்ப்பேன். நம்முடைய நாட்டில் தெருவோரம் புகைப்படத்தோடு இருக்கிற அம்மாமாருக்கு, "எலும்பைத் தோண்டாதீர்கள், அது புனிதம்" என்று யாரும் சொல்லக்கூடாது. அங்கே தோண்டுவதுதான் மரியாதை. ஹேர்மிஸில் நிலைமை வேறு. யார் இறந்தார்கள், எப்படி இறந்தார்கள், எங்கே கிடக்கிறார்கள் என்று எல்லாம் தெரியும். அவர்களுடைய பெயர்கள் இங்கிலாந்தில் நினைவுச்சின்னங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தூக்கினால் துருப்பிடித்த தகடும் கலந்துபோன எலும்பும் வரும், புதிதாக ஒன்றும் தெரியவராது.

திருகோணமலைத் துறைமுகத்தில் அதே ஏப்ரல் 9இல் எரிந்த சகாயிங் என்ற கப்பலை நமது கடற்படை 2018இல் தூக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பயணிகளும் சரக்கும் ஏற்றிய கப்பல், எரிந்த உடலை அந்த நாளில் இறங்குதுறையாகப் பாவித்தார்கள். துறைமுகத்துக்கு இடம் வேண்டியிருந்தது, எடுத்து ஆழத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அருமையான வேலை. ஆனால் அதைக் காட்டி, ஹேர்மிஸையும் எடுக்கலாம்தானே, உல்லாசப் பயணிகள் வருவார்கள்தானே என்று யாராவது கேட்டால், இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

சட்டமும் உண்டு. போர்க்கப்பல் மூழ்கினாலும் அந்த நாட்டின் சொத்துத்தான் என்பது பொதுவழக்கு. பிரித்தானியா 1986இல் இப்படியான சிதைவுகளுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை, கிடக்கிற இடத்திலேயே காப்பதை முதல் தெரிவாகச் சொல்கிறது. ஆனால் அது 100 வருஷம் நீருக்குள் கிடந்தவற்றுக்கு. ஹேர்மிஸுக்கு அந்த வயது 2042இல். இன்று முதலாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அப்போது இந்தச் சங்கத்தில் இருப்பார்கள். இலண்டனில் எழுதிய சட்டம் நம்முடைய கடலில் இரவில் காவல் நிற்காது. கடலுக்குப் போகிற ஆட்களுக்கு அது என்னவென்று தெரிந்தால்தான் உண்டு. ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்: சரித்திர மன்றப் பிள்ளைகள் தொண்ணூறு வயதுக்காரர் வீடுகளுக்குப் போய் அந்த நாளின் ஞாபகங்களைப் பதிவு செய்யட்டும். அம்மம்மாவிடம் நான் மா இடித்த கதையை மட்டும் கேட்டு வைத்தேன். கரைக்கு நீந்தி வந்தவர்களைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அந்த நோயாளி சில மாதம் கழித்து ஊன்றுகோலோடு கிளினிக்குக்கு வந்தார். அவர் முன்பு கேட்டதற்கு, எந்தக் கப்பல் என்று தெரியாமல் சொல்ல முடியாது, ஹேர்மிஸ் என்றால் 307 பேர் இறந்தார்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். இப்போது வாவியில் இறால் பிடிக்கிறாராம். கழற்றிக்கொண்டு வந்த பித்தளை வால்வு இன்னும் வீட்டுக் கோடியில் கிடக்கிறதாம். மனிசி விற்க விடவில்லையாம். தம்பியின் வள்ளம் அந்தப் பக்கம் போகும்போது திரும்பப் போட்டுவிடலாமா, அதோடு ஒரு மெழுகுதிரியும் கொளுத்தச் சொல்லி மனிசி கேட்கிறா, காற்றில் நிற்குமா என்று கேட்டார். ஒரு போத்தலுக்குள் வைத்துக் கொளுத்தச் சொன்னேன்.